பெல் உதவித்தொகை: ‘நமக்குக் கிடைக்காது’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்க வருபவருக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 7,395 டாலர் வரை தருகிறது. கடன் இல்லை, வட்டி இல்லை, திருப்பிக் கட்டும் பேச்சும் பொதுவாக இல்லை. 2026–27 கல்வி ஆண்டுக்கான பெல் கிராண்டின் உச்சத் தொகை இது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிகளுக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். ஆண்டு முழுக்க 30 யூனிட் எடுத்தாலும் 1,380 டாலர்தான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிக்கு முழுநேரக் கட்டணம் ஆண்டுக்கு 4,800 டாலர். முழு பெல் தொகை கிடைக்கும் மாணவருக்கு இரண்டு இடத்திலும் கட்டணம் போகப் பணம் மிஞ்சும். புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வாடகைக்கும் அது உதவும்.

இருந்தும் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். “நான் வேலைக்குப் போகிறேனே”, “வயது 38 ஆகிவிட்டது”, “மாலை வகுப்பு இரண்டுதான் எடுக்கிறேன்”, “அப்பா அம்மா இன்னும் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள்”, “ஒருமுறை படிப்பைப் பாதியில் விட்டவன் நான்” என்று ஆளுக்கொரு காரணம். இவற்றில் ஒன்றுகூடத் தன்னளவில் தகுதியைப் பறிப்பதில்லை. தகுதியைப் பறிக்கிற விஷயங்கள் வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டால் கிடைக்க வேண்டியதை விடாமல் வாங்கலாம், கிடைத்ததைப் பாதியில் இழக்காமலும் காக்கலாம்.

யாருக்காக வந்த பணம்

1965-இல் வந்த உயர்கல்விச் சட்டத்தில் 1972-இல் சேர்க்கப்பட்ட திட்டம் இது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் செனட்டர் கிளேபோர்ன் பெல் இதற்காகப் பாடுபட்டவர். 1980-இல் அவர் பெயரே திட்டத்துக்கு வைக்கப்பட்டது. பணத்தைக் கல்லூரிக்கு மானியமாகக் கொடுத்துவிடாமல் மாணவர் பெயரில் ஒதுக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. நீங்கள் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அங்கே உங்களோடு இந்தத் தகுதியும் வரும். கல்லூரி மாறினால் மீதித் தகுதி புதிய கல்லூரிக்குப் போகும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிகளில் பெல் வாங்க முடியாது.

வயது வரம்பு கிடையாது. மதிப்பெண் போட்டி கிடையாது. வேலையில் இருப்பது தடையில்லை. பழைய விண்ணப்பப் படிவத்தில் இருந்த போதைப்பொருள் குற்றம் பற்றிய கேள்வியும், ஆண்கள் ராணுவப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டுவிட்டன. அங்கீகாரம் பெற்ற சிறைக் கல்வித் திட்டத்தில் சேர்ந்தால், சிறையில் இருப்பவர்களும் 2023 ஜூலை முதல் பெல் பெறலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: குடியுரிமை நிலை

அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அந்தஸ்து அல்லது அடைக்கலம் வழங்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். வேறு சில பிரிவினரும் உண்டு. இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் உறுதியானவர்கள் கிரீன் கார்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடைக்கலம் வழங்கப்பட்டதற்கான ஆவணம் கையில் இருந்தால் போதும்.

எஃப்-1 மாணவர் விசா, எச்-4 சார்புநிலை விசா, சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்கான டாக்கா (DACA) பாதுகாப்பு ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, வேலை அனுமதி அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கிடையாது. எச்-4-இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வலிக்கும் செய்திதான். அவர்கள் மாநில அரசின் உதவித் திட்டங்களையும் கல்லூரி அறக்கட்டளையின் உதவித்தொகைகளையும் தனியாக விசாரிக்க வேண்டும். அவற்றின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி வேறு.

நம் குடும்பங்களில் அடிக்கடி குழப்பம் வருகிற இடம் ஒன்று உண்டு. பார்க்கப்படுவது மாணவரின் நிலை மட்டுமே, பெற்றோரின் நிலை பார்க்கப்படுவதில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா எந்த விசாவில் இருந்தாலும் தகுதி குறையாது. பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் படிவத்தில் தங்கள் பகுதியை அவர்களே நிரப்பலாம்.

ஏற்கெனவே பட்டம் இருந்தால்?

முதல் இளநிலைப் பட்டத்துக்கு முந்தைய படிப்புக்குத்தான் பொதுவாக பெல். திருச்சியில் பி.இ., மதுரையில் பி.காம். முடித்து, திருமணமாகி கிரீன் கார்டில் வந்து, இங்கே நர்சிங்கோ பல் சுகாதாரமோ படிக்க நினைக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். இங்கே அதை யாரும் வேலைக்கு மதிக்கவில்லை என்றாலும் பெல் கணக்கில் அது சேரும். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு அது இணையானதா என்பதில் சந்தேகம் இருந்தால் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகம்தான் தீர்மானிக்கும். மூன்றாண்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் சான்றிதழையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டி, முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கும் எண்ணமே வேண்டாம். படிவத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னால் 20,000 டாலர் வரை அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. பட்டதாரிகளுக்கு வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. அரசின் நேரடிக் கடனும் வொர்க்-ஸ்டடி வேலையும் இரண்டாவது படிப்புக்கும் கிடைக்கக்கூடும்.

பாலிடெக்னிக் டிப்ளமோவும் ஐ.டி.ஐ. சான்றிதழும் பட்டம் ஆகாது. அவை மட்டும் வைத்திருப்பவர்களை இந்த விதி தடுக்காது. பள்ளிப் படிப்புக்கு பிளஸ் டூ சான்றிதழோ இலங்கையின் உயர்தரச் சான்றிதழோ செல்லும். கல்லூரி கேட்டால் மொழிபெயர்ப்பும் மதிப்பீடும் கொடுக்க வேண்டியிருக்கும். பள்ளியை முடிக்காதவர்கள் ஜி.இ.டி. தேர்வு எழுதித் தேறலாம்.

நீங்கள் சேர்ந்திருப்பது எந்தப் பாடத்திட்டத்தில்?

கம்யூனிட்டி காலேஜில் காலடி வைத்ததும் பெல் வந்துவிடாது. பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ கொண்டுபோகும் தகுதியுள்ள ஒரு பாடத்திட்டத்தில் முறைப்படி சேர்ந்திருக்க வேண்டும். ஆர்வத்துக்காக ஒரே ஒரு புகைப்பட வகுப்பு எடுத்தால் கிடையாது. கிரெடிட் இல்லாத ஆங்கில வகுப்புக்கும் கிடையாது.

எடுக்கும் ஒவ்வொரு பாடமும் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும் என்பது அடுத்த விதி. சுவாச சிகிச்சைப் படிப்பில் சேர்ந்துவிட்டு, திட்டத்தில் இடமில்லாத மூன்று கிரெடிட் ஓவிய வகுப்பைச் சேர்த்து 12 கிரெடிட் காட்டினால், அந்த மூன்று கிரெடிட்டைக் கழித்துவிட்டுத்தான் பெல் கணக்கிடப்படும். தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண் கூட்ட மறுபடி எடுத்தால் ஒருமுறைதான் கணக்கில் வரும். அடிப்படைக் கணிதம், அடிப்படை ஆங்கிலம் போன்ற ஆயத்தப் பாடங்களுக்கு மொத்தம் 30 கிரெடிட் வரை உதவி உண்டு. ஆகவே பதிவு செய்யும் முன் பாட ஆலோசகரைப் பார்த்து, இந்த செமஸ்டரில் எடுக்கும் பாடங்கள் எல்லாமே என் திட்டத்தில் சேருமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வருமானக் கணக்கு எப்படிப் போகிறது

2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் 2024–25 முதல் முறை மாறியது. குடும்ப அளவு, திருமண நிலை, வருமான வரிக் கணக்கில் வரும் சரிசெய்த மொத்த வருமானம் ஆகிய மூன்றையும் வைத்து, மத்திய அரசின் வறுமைக் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். 2026–27 படிவத்துக்கு 2024-ஆம் ஆண்டு வருமானம்தான் எடுக்கப்படும். அந்த ஆண்டின் வறுமைக் கோடு நான்கு பேர் குடும்பத்துக்கு 31,200 டாலர், தனியாளுக்கு 15,060. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் கோடு சற்று உயரம்.

இதை வைத்துச் சில உதாரணங்கள்:

- பெற்றோர் இருவரும் உள்ள நான்கு பேர் குடும்பத்தின் மாணவர்: குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 175 சதவீதமான 54,600 டாலருக்குள் இருந்தால் முழு பெல். 275 சதவீதமான 85,800 வரை குறைந்தபட்சத் தொகையான 740 டாலராவது உண்டு.
- ஒற்றைப் பெற்றோருடன் வாழும் மாணவர்: முழுத் தொகைக்கு எல்லை 225 சதவீதம், குறைந்தபட்சத் தொகைக்கு 325 சதவீதம்.
- தானே ஒரு குழந்தையைத் தனியாக வளர்க்கும் சுதந்திர மாணவர் (பெற்றோர் வருமானம் கணக்கில் வராதவர்), குடும்பத்தில் இருவர்: 45,990 டாலருக்குள் முழுத் தொகை. குறைந்தபட்சத் தொகைக்கு எல்லை 81,760.
- குழந்தை இல்லாத, திருமணமாகாத சுதந்திர மாணவர்: 26,355 டாலருக்குள் முழுத் தொகை.

முழுத் தொகைக்கான எல்லைக்குள் வராதவர்களுக்கு மாணவர் உதவிக் குறியீடு என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். உச்சத் தொகையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் உங்கள் பெல் தொகை. குறியீடு 3,000 என்றால் 7,395-இல் அது போக 4,395 டாலர். குறியீடு மைனஸ் 1,500 வரைகூடப் போகும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026–27 முதல் குறியீடு உச்சத் தொகையின் இரு மடங்கை, அதாவது 14,790-ஐ எட்டினால் பெல் கிடையாது.

வசிக்கும் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் சொத்தாகக் கேட்கப்படுவதில்லை. சொத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய குடும்பங்கள் ஊரில் தங்கள் பெயரில் உள்ள மனையையும் வாடகைக்கு விட்ட வீட்டையும் டாலர் மதிப்பில் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பதால் அது கணக்கில் வராது என்று நினைப்பது தவறு.

பெற்றோர் வருமானம் சேருமா, சேராதா?

தனி அறை எடுத்துத் தங்கி, வாடகையைத் தானே கட்டுகிற 20 வயது மாணவரும் மத்திய அரசின் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவர்தான். அப்பா கல்லூரிக்கு ஒரு டாலர்கூடத் தர மாட்டேன் என்று சொன்னாலும் அப்படித்தான். 2026–27 படிவத்தில் சுதந்திர மாணவராகக் கருதப்பட, 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்: திருமணமாகியிருக்க வேண்டும், ஆதரிக்க வேண்டிய குழந்தை இருக்க வேண்டும், ராணுவத்தில் பணியாற்றியிருக்க வேண்டும், 13 வயதுக்குப் பின் பெற்றோரை இழந்தோ அரசுப் பராமரிப்பிலோ இருந்திருக்க வேண்டும். வீடற்ற நிலையில் தனியாக வாழும் இளைஞர்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

இவற்றில் எதிலும் சேராத, ஆனால் வீட்டில் வன்முறைக்கு ஆளாகி வெளியேறிய, பெற்றோரோடு தொடர்பே வைக்க முடியாத மாணவர்களுக்கும் வழி உண்டு. படிவத்திலேயே அசாதாரண சூழ்நிலை என்று குறிப்பிடலாம். எய்டு அலுவலகம் ஆதாரம் கேட்கும். பள்ளி ஆலோசகர், சமூகப் பணியாளர், மதகுரு, நீதிமன்றம் என யாராவது தரும் கடிதம் போதுமானதாக இருக்கலாம். வெட்கப்பட்டு ஒதுங்கிவிட வேண்டாம். இந்த வழி உங்களுக்காகவே சட்டத்தில் இருக்கிறது.

பகுதிநேரமா? அதற்கும் பணம் உண்டு

கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மிகவும் தேவையான தகவல் இதுதான். 12 கிரெடிட் எடுத்தால் முழுநேரம், 100 சதவீதம். அதற்குக் கீழே ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஒரு விகிதம்: 11-க்கு 92 சதவீதம், 9-க்கு 75, 7-க்கு 58, 6-க்கு 50, 3-க்கு 25. முன்பு 9 முதல் 11 கிரெடிட் வரை எல்லோருக்கும் ஒரே தொகை. 2024–25 முதல் கூடுதலாக எடுக்கும் ஒரு கிரெடிட்டும் தொகையைக் கூட்டும், குறைக்கும் ஒரு கிரெடிட்டும் அதைக் குறைக்கும்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் கடையில் பகல் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் கணக்கியல் படிக்கும் ஒருவர் 9 யூனிட், அதாவது 9 கிரெடிட், எடுக்கிறார். வருமானப்படி அவருக்கு முழு பெல் தகுதி இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு 7,395-இல் பாதி ஏறத்தாழ 3,697. அதில் 75 சதவீதம் ஏறத்தாழ 2,773 டாலர். கட்டணம் 9 பெருக்கல் 46, அதாவது 414. மிச்சம் சுமார் 2,350 டாலர். இதிலிருந்து சுகாதாரக் கட்டணம் போன்ற சின்னச் செலவுகள் போகும். குறைந்த வருமானமுள்ள மாநிலவாசிகளுக்கு யூனிட் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் திட்டம் கலிஃபோர்னியாவில் உண்டு. அதுவும் கிடைத்தால் அந்த 414-ம் கையில் நிற்கும். இந்தப் பணத்தை வைத்து வாரத்தில் ஒரு ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு அந்த மாலையைப் படிப்புக்குக் கொடுக்க முடியும். பகுதிநேர மாணவர் படிப்பை விடாமல் முடிப்பதற்கு அந்த ஒரு மாலை பெரிய துணை.

கட்டணம் போக மீதியைக் கல்லூரி 14 நாட்களுக்குள் மாணவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. வங்கிக் கணக்கு விவரத்தை முன்கூட்டியே பதிவு செய்தால் நேரடியாக வந்துவிடும். மீதித் தொகை வரப்போகிற மாணவர் புத்தகம் வாங்க, நிபந்தனைகள் பொருந்தினால், செமஸ்டர் தொடங்கி ஏழாம் நாளுக்குள் கல்லூரி ஒரு வழி செய்து தர வேண்டும். பல கல்லூரிகளில் இது புத்தகக் கடைக் கணக்காக வரும். பணம் வரட்டும், அப்புறம் புத்தகம் வாங்கலாம் என்று மூன்று வாரம் தள்ளிப் போடாதீர்கள். கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போக, வாடகை, சாப்பாடு போன்றவற்றுக்குச் செலவழிக்கும் பெல் பணம் வருமான வரிக்கு உட்பட்டது. ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

படிவம்: தடுக்கி விழும் இடங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், ஃபாஃப்சா. அரசின் ஸ்டூடண்ட் எய்டு இணையதளத்தில் இலவசம். யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டும். 2026–27-க்கான மத்திய அரசின் கடைசி நாள் 2027 ஜூன் 30. மாநில உதவிக்கும் கல்லூரி உதவிக்கும் கெடு அதற்கு வெகு முன்னதாக வந்துவிடும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களின் கால் கிராண்ட் என்ற மாநில உதவிக்கான விண்ணப்பத்துக்கு செப்டம்பர் 2 இரண்டாவது கெடு.

- கணக்கை முதலில் திறக்கவும். சோஷியல் செக்யூரிட்டி எண் சரிபார்ப்புக்குச் சில நாட்கள் ஆகலாம். மாணவருக்கும் பெற்றோருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.
- ஒப்புதலைத் தவிர்க்காதீர்கள். வரித்துறையிலிருந்து தகவல் எடுத்துக்கொள்ள மாணவர், பெற்றோர் என்று கையெழுத்துப் போட வேண்டிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவரும் சம்மதம் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் குறியீடு கணக்கிடப்படாது, பெல்லும் வராது.
- பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், கடந்த 12 மாதங்களில் மாணவருக்கு அதிகம் செலவழித்தவர் தன் பகுதியை நிரப்ப வேண்டும். யாரோடு வசிக்கிறார் என்பது இப்போது அளவுகோல் இல்லை.
- பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு பெயர் என்று இருந்தால், அட்டையில் உள்ளபடியே எழுதவும். முதல் எழுத்து, அப்பா பெயர், கடைசிப் பெயர் எது என்ற குழப்பத்தில் நம்மவர் படிவம் சிக்க வாய்ப்பு அதிகம்.
- சரிபார்ப்புக்குத் தேர்வானதாகக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் பயம் வேண்டாம். தண்டனை இல்லை, ஆவணம் கேட்கிறார்கள். கேட்டதை அந்த வாரமே கொடுங்கள். பதில் போகாதவரை பணம் நிற்கும்.

வேலை போய்விட்டதா? எய்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்

படிவம் பழைய வருமானத்தைப் பார்க்கிறது. 2024-இல் நல்ல சம்பளம் வாங்கிய அப்பாவுக்கு 2025-இல் வேலை போயிருக்கலாம். விவாகரத்து, மரணம், காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு வந்திருக்கலாம். தனித்தனி ஆளாகப் பார்த்து, வருமான எண்ணைத் திருத்தி, புதிய குறியீடு வரவழைக்கும் அதிகாரம் எய்டு அலுவலகத்துக்குச் சட்டப்படி உண்டு. இது தானாக நடக்காது, நீங்கள் கேட்டால்தான் நடக்கும்.

வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மைப் பலன் பெறுவதற்கான ஆவணம் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், இப்போது மாத வருமானம் எவ்வளவு என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். தொழில்நுட்பத் துறையில் ஆட்குறைப்பில் சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வழியை அவசியம் பயன்படுத்த வேண்டும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது

தகுதி கிடைப்பதைவிட அதை இழப்பது எளிது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, முன்னேற்ற விதி. மதிப்பெண் சராசரி பொதுவாக 2.0-க்குக் குறையக்கூடாது. எடுத்த கிரெடிட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும். பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 24 கிரெடிட் எடுத்து 15 மட்டும் முடித்தால் 62.5 சதவீதம், விதிக்குக் கீழே. விலகிய பாடமும் எடுத்த கணக்கில் சேரும். இதனால் உதவி நின்றுபோனால் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பைப் பல கல்லூரிகள் தருகின்றன. உடல்நலக் குறைவு, குடும்பத்தில் இழப்பு போன்ற காரணத்தை ஆதாரத்தோடு சொல்லி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். “இனி நன்றாகப் படிப்பேன்” என்பதைவிட “இரவு ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாறிவிட்டேன், இந்த செமஸ்டர் இரண்டு பாடம்தான் எடுக்கிறேன்” என்பது எடுபடும். பல ஆண்டுக்கு முன் பாதியில் விட்டவர்கள் திரும்பி வரும்போது முதலில் செய்ய வேண்டியதும் இந்த மேல்முறையீடுதான்.

இரண்டாவது, எல்லா வகுப்புகளிலிருந்தும் விலகுவது. செமஸ்டரின் 60 சதவீத நாட்களைக் கடக்கும் முன் முழுமையாக விலகினால், இருந்த நாட்களுக்கு உரிய பங்குதான் உங்களுடையது. 105 நாள் செமஸ்டரில் 42-ஆம் நாள் விலகினால் 40 சதவீதம். 3,697 டாலர் வாங்கியிருந்தால் 1,479 மட்டுமே சம்பாதித்ததாகக் கணக்கு. மீதியில் கல்லூரி தன் பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்கான பில்லை உங்களிடம் நீட்டலாம். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவதும் விலகலாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாழ்க்கை நெருக்கும்போது ஒரு பாடத்தையாவது முடிக்கப் பாருங்கள். முடியவே முடியாது என்றால் எய்டு அலுவலகத்தில் தேதியைக் கேட்டுவிட்டு விலகுங்கள். ஒரு வாரத் தாமதம் ஆயிரம் டாலர் வித்தியாசத்தை உண்டாக்கக்கூடும்.

மூன்றாவது, வாழ்நாள் வரம்பு. மொத்தம் 600 சதவீதம், அதாவது முழுநேரமாக ஆறு ஆண்டுகள், 12 செமஸ்டர். பகுதிநேரமாகப் படித்தால் மெதுவாகக் குறையும். ஆண்டு முழுக்க 9 கிரெடிட் வீதம் எடுத்தவருக்கு 75 சதவீதம்தான் செலவாகும். பிற்பாடு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் திட்டம் இருந்தால் கம்யூனிட்டி காலேஜில் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை மூன்று முறை மாற்றி 400 சதவீதத்தை இங்கேயே கரைத்தவருக்கு, கட்டணம் பல மடங்கு அதிகமான பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுக்குத்தான் பெல் மிஞ்சும். மீதம் எவ்வளவு என்பது உங்கள் ஸ்டூடண்ட் எய்டு கணக்கிலேயே தெரியும். கோடை வகுப்புக்கும் பெல் உண்டு. ஓராண்டில் 150 சதவீதம் வரை வாங்கலாம். கூடுதல் 50 சதவீதத்துக்கு அந்தப் பருவத்தில் பாதி நேரமாவது படிக்க வேண்டும்.

முன்பு வாங்கிய அரசுக் கல்விக் கடனில் தவணை தவறி, அது திருப்பிக் கட்டாத கடனாகப் (டிஃபால்ட்) பதிவாகியிருந்தாலும் பெல் தடைபடும். கடன் நிறுவனத்தோடு பேசித் தவணை முறைக்குத் திரும்பினால் தகுதி மீளும்.

குறுகிய காலப் பயிற்சிக்குப் புதிய வாசல்

இதுவரை 600 மணி நேரத்துக்கும் 15 வாரத்துக்கும் குறைந்த பயிற்சிகளுக்குப் பொதுவாக பெல் கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை மாற்றியது. 2026 ஜூலை 1 முதல் வொர்க்ஃபோர்ஸ் பெல் நடைமுறைக்கு வருகிறது. 8 வாரத்துக்குக் குறையாமல் 15 வாரத்துக்குள், 150 முதல் 599 மணி நேரம் வரை நடக்கும் வேலைப் பயிற்சிகளுக்கு இதில் உதவி உண்டு. தொகை பயிற்சியின் நீளத்துக்கு ஏற்பக் குறையும்.

எல்லாப் பயிற்சியும் இதில் வராது. மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். சேர்ந்தவர்களில் 70 சதவீதத்தினர் முடித்திருக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதத்தினருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் மாணவருக்குச் சாதகம்தான், வேலை தராத பயிற்சியில் உங்கள் பெல் போகாது. வெல்டிங், டிரக் ஓட்டுநர் உரிமம், மருத்துவ உதவியாளர் போன்ற பயிற்சி பற்றி விசாரிக்கிறவர்கள், இது வொர்க்ஃபோர்ஸ் பெல்லுக்கு ஒப்புதல் பெற்ற திட்டமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே செலவாகும் பெல்லும் வாழ்நாள் 600 சதவீதத்தில்தான் கழியும்.

பெல்லோடு சேர்த்து வாங்கக்கூடியவை

அதே ஃபாஃப்சா படிவத்தில் இன்னும் இரண்டு மத்திய உதவிகளுக்கு இடம் உண்டு. துணை வாய்ப்பு மானியம் ஆண்டுக்கு 100 முதல் 4,000 டாலர் வரை. கல்லூரியிடம் உள்ள பணம் தீர்ந்ததும் நின்றுவிடும், ஆகவே முந்துகிறவருக்குத்தான் கிடைக்கும். வொர்க்-ஸ்டடி வேலை கல்லூரி நூலகத்திலோ ஆய்வகத்திலோ கிடைத்தால், வகுப்பு நேரத்துக்கு ஏற்ப ஷிஃப்ட் அமைத்துக்கொள்ளலாம். அந்தச் சம்பளம் அடுத்த முறை குறியீடு கணக்கிடும்போது சேர்க்கப்படாது.

வேலை பார்ப்பவர்கள் மனிதவளத் துறையிடம் படிப்புச் செலவுத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தந்தால் அது வரியில்லாத சலுகை.

எய்டு அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் பாடத்திட்டம் மத்திய உதவிக்குத் தகுதியானதா?
2. இந்த செமஸ்டரில் நான் எடுக்கும் எத்தனை கிரெடிட் பெல் கணக்கில் வரும்?
3. எந்தத் தேதியில் இருக்கும் கிரெடிட்டை வைத்துத் தொகையை உறுதி செய்வீர்கள்? (அந்தத் தேதிக்கு முன் ஒரு பாடத்தை விட்டால் தொகை குறையும்.)
4. என் கோப்பில் நிலுவையில் உள்ள ஆவணம் எது?
5. மீதித் தொகை எப்போது, எந்த வழியில் வரும்?

பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்ற பதில் வந்தால், எந்த விதியின்படி என்று பணிவாகக் கேளுங்கள். குடியுரிமை நிலையா, முந்தைய பட்டமா, வருமானமா, முன்னேற்ற விதியா என்று காரணம் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும். வருமானம் என்றால் திருத்தம் கேட்கலாம், முன்னேற்ற விதி என்றால் மேல்முறையீடு செய்யலாம், பட்டம் என்றால் வேறு உதவிக்குப் போகலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: ஸ்டூடண்ட் எய்டு தளத்தில் கணக்கைத் திறந்து, அங்கேயே உள்ள மதிப்பீட்டுக் கருவியில் குடும்ப அளவையும் வருமானத்தையும் போட்டுப் பாருங்கள். வரும் எண் எதுவானாலும் படிவத்தை அனுப்புங்கள். தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது அந்தப் படிவத்தைப் படிக்கிறவர்களின் வேலை. அதை அவர்கள் மேசைக்குக் கொண்டுசேர்ப்பது நம் வேலை.